வௌவால் பார்க்கத் தாண்டிக்குடிக்கு

செப்டம்பர் 26, வெள்ளி: வத்தலக்குண்டிலிருந்து மேலே

வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் வெயில் சுள்ளென்று அடித்தது. மேற்கே பார்த்தால் மலையில் பாதிக்கு மேல் தெரியவில்லை, அத்தனை மேகம். "மேல நல்ல மழைங்க, குடை வச்சிருக்கீங்களா?" என்று கண்டக்டர்தான் முதலில் கேட்டார். டிக்கெட் விஷயம் அப்புறம்தான். ஸ்டாண்டுக்கு எதிரே சாப்பிட்ட இட்லி, வடைக்கு இரண்டு பேருக்கும் சேர்த்து 120 ரூபாய். மல்லிச் சட்னியைக் கேட்கக் கேட்க ஊற்றினார்கள்.

கூட வந்தது என் தங்கை மகள். காமர்ஸ் படிக்கிறாள். மலை என்றதும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். எதற்குப் போகிறோம் என்று பஸ்ஸில் ஏறிய பிறகுதான் கேட்டாள். வௌவால் பார்க்க என்றேன்.

காரணம் இருக்கிறது. நாங்கள் மயிலாடுதுறைக்காரர்கள். எங்கள் ஊரிலிருந்து முக்கால் மணி நேரம் பஸ்ஸில் போனால் தரங்கம்பாடி. 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரர்கள் கையில் இருந்த ஊர். கோட்டையைப் பார்க்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை எத்தனையோ முறை கூட்டிப் போயிருக்கிறேன். அந்த ஊரில் கிடைத்த ஒரு வௌவாலை வைத்துத்தான் 1797இல் மார்ட்டின் வால் என்ற அறிஞர் ஓர் இனத்துக்கே பெயர் வைத்தார். குட்டைமூக்குப் பழந்தின்னி வௌவால். அறிவியல் பெயர் சைனாப்டெரஸ் ஸ்ஃபிங்ஸ். நம் தோட்டத்துக் கொய்யாவையும் வாழையையும் கடித்துவிட்டுப் போகிற அதே சின்ன வௌவால்தான். கிரேக்கக் கதையில் ஆளைத் தின்னும் ஸ்ஃபிங்ஸின் பெயரை, ஐம்பது அறுபது கிராம் எடையுள்ள, பழச்சாறு குடித்துப் பிழைக்கிற ஒரு பிராணி இருநூறு வருஷத்துக்கு மேல் சுமந்துகொண்டிருக்கிறது. இது தெரிந்த நாளிலிருந்து எனக்கு அதன் மேல் ஒரு பாசம்.

என்னோடு வேலை பார்க்கும் டீச்சர் ஒருத்திக்குச் சொந்த ஊர் தாண்டிக்குடி. "எங்க அண்ணன் தோட்டத்துல கூந்தப்பனையில வௌவால் வீடு கட்டும், வந்து பாரு" என்று வருஷா வருஷம் சொல்வாள். இந்தக் காலாண்டு லீவில் போயே தீருவது என்று முடிவு செய்தேன்.

சித்தரேவு தாண்டியதும் ஏற்றம். காற்றின் வாசனையே மாறிவிட்டது. பெரும்பாறைக்குக் கொஞ்சம் முன்னால் பஸ் நின்றது. ரோட்டுக்குக் குறுக்கே ஒரு சில்வர் ஓக் மரம், மிளகுக் கொடியோடு சேர்ந்து விழுந்து கிடந்தது. யாரும் யாரையும் திட்டவில்லை. டிரைவர் இறங்கி வேட்டியை மடித்துக் கட்டினார். பின்சீட்டில் இருந்த இரண்டு பேர் கோணிக்குள்ளிருந்து அரிவாளை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். ரேஷன் அரிசி மூட்டையோடு இருந்த ஓர் அம்மா எங்களைப் பார்த்து, "ரெண்டு மணி நேரம் ஆகும், பசிக்கும்ல" என்று பன் ஒன்றைப் பிய்த்துப் பாதியை என் தங்கை மகள் கையில் வைத்தார். வேண்டாம் என்று சொல்ல இடமே கொடுக்கவில்லை. அந்த நேரம் பார்த்து மழையும் பிடித்துக்கொண்டது. மரத்தை வெட்டிப் புரட்டியவர்கள் சொட்டச் சொட்ட ஏறி, ஒன்றுமே நடக்காத மாதிரி விட்ட பேச்சைத் தொடர்ந்தார்கள்.

தாண்டிக்குடி நாலாயிரம் அடிக்கு மேல். இறங்கியபோது குளிர் காதைப் பிடித்தது. தங்குவதற்குச் சொல்லி வைத்திருந்த இடத்தில் 900 ரூபாய் அறையில் வெந்நீரும் இல்லை, தாழ்ப்பாளும் சரியில்லை. கேட்டதற்கு, "மழைன்னா இப்படித்தான்" என்று ஒரு பதில். மழைக்கும் தாழ்ப்பாளுக்கும் என்ன சம்பந்தம்? தோழிக்குப் போன் போட்டேன். பத்து நிமிஷத்தில் அவள் அண்ணன் ஜீப்போடு வந்து நின்றார். "நம்ம வீடு இருக்கும்போது இங்க என்ன டீச்சர் வேலை?" என்று பையை எடுத்து ஜீப்பில் போட்டுவிட்டார். இரவு சூடான சாதம், சௌசௌ கூட்டு, மிளகு ரசம். அந்த ரசத்துக்கே இந்த மலை ஏறலாம்.

செப்டம்பர் 27, சனி: தோட்டம்

காலையில் மழை விட்டிருந்தது. தோட்டம் என்றால் நம் ஊர்த் தோட்டம் கிடையாது. உயரத்தில் சில்வர் ஓக்கும் பலாவும் கல்யாண முருங்கையும் நிழல் கொடுக்க, கீழே காபி, நிழல் மரமெல்லாம் மிளகு, நடுநடுவே மலைவாழை, ஓரத்தில் பட்டர் ஃப்ரூட், ஆரஞ்சு, பள்ளத்தில் சௌசௌ பந்தல். அண்ணன் கையில் உப்பு, மூக்குப்பொடி, வேப்பெண்ணெய் கலந்து கட்டிய துணிமூட்டை. அட்டை ஏறாமல் காலில் தேய்த்துக்கொள்ளக் கொடுத்தார். தேய்த்தும் எனக்கு இரண்டு ஏறியது. என் தங்கை மகள் முதலில் அலறினாள். அப்புறம் அவளே எண்ண ஆரம்பித்துவிட்டாள்.

கூந்தப்பனை ஓடைக்கரையில் நின்றது. நெடுநெடுவென்ற மரத்தில் ஆளுயரத்துக்குச் சடைசடையாய்க் காய்க்குலைகள் தொங்கின. "அந்த நடுக் குலையைப் பாருங்க" என்றார். குனிந்து நேர் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தால், சடைக்கு நடுவில் மணியின் உட்புறம் போல ஒரு குடைவு. அதற்குள் பழுப்பு நிறத்தில் ஏழெட்டு உடம்புகள் ஒட்டிக்கொண்டிருந்தன. காதின் விளிம்பில் வெள்ளைக்கோடு. நாய்க்குட்டி முகம். இரண்டு பெரிய கண்கள் எங்களையே பார்த்தன.

இந்தக் குடைவு தானாக வந்ததில்லை. ஆண் வௌவால் ஒன்று நடுவிலுள்ள சரங்களை ஒவ்வொன்றாகக் கடித்துக் கடித்து உதிர்த்து, வாரக்கணக்கில் வேலை செய்து கூடாரத்தை உண்டாக்கும். பெண்கள் வந்து பார்க்கும், பிடித்தால் தங்கும். கட்டிய ஆண் காவல் இருக்கும். கூந்தப்பனை இல்லாத இடத்தில் நெட்டிலிங்கத்திலும் அடர்ந்த கொடிகளிலும் இதே வேலையைச் செய்யும். இந்த வௌவாலின் கூடாரங்களைத் தமிழ்நாட்டு ஆய்வாளர்களே பல வருஷம் உட்கார்ந்து கவனித்து எழுதியிருக்கிறார்கள். பறவைகள் கூடு கட்டும், குளவி கட்டும் என்று பாடம் நடத்துகிற நாங்கள் வௌவாலும் வீடு கட்டும் என்று ஒரு பிள்ளைக்கும் சொன்னதில்லை. பாடப்புத்தகத்தில் ஒரு வரி வர வேண்டும் என்று உண்மையிலேயே ஆசைப்படுகிறேன்.

இந்த இனத்துக்குத் தம்பி முறையில் இன்னொன்று உண்டு, கொஞ்சம் சின்னது. மலைக்காட்டில் அதிகம் இருப்பது அந்தத் தம்பிதான். தூரத்திலிருந்து பார்த்து அண்ணன் தம்பியைப் பிரிப்பது கஷ்டம், முன்கையை அளந்தால்தான் சரியாகச் சொல்ல முடியும். நான் யாரையும் அளக்கப் போகவில்லை.

மரத்தடி முழுக்கச் சக்கை. வௌவால் பழத்தை அப்படியே விழுங்காது. மரத்திலிருந்து பறித்துக்கொண்டு வேறு இடத்துக்குப் போய்த் தொங்கி, மென்று சாற்றைக் குடித்துவிட்டு நாரைத் துப்பும். அத்தி, கொய்யா மாதிரி பொடி விதையாக இருந்தால் வயிற்றுக்குள் போய்ச் சீக்கிரமே, பறக்கும்போதே கீழே விழும். பெரிய கொட்டையாக இருந்தால் தூக்கிப் போன இடத்தில் விழும். "காபியக்கூட விடாது டீச்சர். நல்லா பழுத்ததாப் பார்த்துச் சப்பிட்டுக் கொட்டைய மட்டும் போட்டுரும். அறுப்பு சமயத்துல பாறை மேல குவிஞ்சு கிடக்கும், நாங்க பொறுக்கிக் கழுவிக் காய வச்சுக்குவோம்" என்றார். ஓடையின் அந்தக் கரையில் வெட்டி விட்ட இடத்தில் அத்திக் கன்றுகள் வரிசையில்லாமல் முளைத்திருந்தன. யாரும் நட்டதில்லை.

அவருக்கு நஷ்டமே இல்லையா என்று கேட்டேன். இருக்கிறது, மறைக்கவில்லை. பட்டர் ஃப்ரூட் இந்த வாரம் கிலோ நூறு ரூபாய்க்கு எடுக்கிறார்களாம், அதில் அணில், குரங்கு, வௌவால் எல்லாம் சேர்ந்து ஒரு பங்கு போகும். பக்கத்துத் தோட்டத்தில் நைலான் வலை போட்டிருந்தார்கள். அதில் ஒரு வௌவால் சிக்கி, சிறகு கிழிந்து காலையில் உயிரோடு தொங்கியதைப் பார்த்த பிறகு இவர் வீட்டில் வலை வேண்டாம் என்று முடிவாம். கைக்கு எட்டுகிற கிளைப் பழங்களுக்கு மட்டும் துணிப்பை கட்டுகிறார். உச்சிக்கிளை அவர்களுக்கு. "அவங்களும் நம்ம தோட்டத்துல வேலை பாக்குறாங்கல்ல" என்றார். வௌவாலை "அவங்க" என்று சொன்ன மனிதரை முதல் முறையாகப் பார்க்கிறேன்.

அதே நாள், இரவு

தோழி மூன்று படி கொலு வைத்திருந்தாள். பட்டாணிச் சுண்டல். பக்கத்து வீட்டுப் பெண்பிள்ளைகள் இரண்டு பேர் வந்து பாட்டுப் பாடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. குத்துவிளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தோம். வௌவாலுக்கு என்ன பேர் டீச்சர், அந்தப் பேருக்கு என்ன கதை என்று பிள்ளைகள் கேட்டார்கள். சொன்னேன்.

கிரேக்க நாட்டில் தீப்ஸ் என்று ஒரு ஊர். ஊருக்கு வெளியே பாறை மேல் ஸ்ஃபிங்ஸ் உட்கார்ந்திருக்கும். பெண்ணின் தலை, சிங்கத்தின் உடம்பு, பறவையின் சிறகு. போகிற வருகிறவர்களிடம் விடுகதை போடும், பதில் தெரியாவிட்டால் தின்றுவிடும். காலையில் நாலு கால், மத்தியானம் ரெண்டு கால், சாயந்திரம் மூணு கால், அது என்ன? பிள்ளைகள் நாற்காலி, கோழி என்று ஏதேதோ சொல்லிப் பார்த்தார்கள். மூலையில் போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்த அண்ணனின் அப்பத்தா, கம்பைத் தரையில் தட்டி, "இந்தா மூணாவது காலு" என்றார். தவழுகிற குழந்தை, நடக்கிற ஆள், கம்பு ஊன்றுகிற கிழவி. ஈடிபஸ் என்ற அரசகுமாரன் சொன்ன பதிலும் அதுதான்.

சைனாப்டெரஸ் என்பது இந்த வௌவாலின் பேரினப் பெயர், அதாவது நெருங்கிய இனங்களுக்கெல்லாம் பொதுவான முதல் பெயர். நாயும் சிறகும் சேர்ந்த உடம்பு என்று அதுவே சொல்கிறது. ஸ்ஃபிங்ஸும் அப்படிப் பல உடம்பு சேர்ந்த பிராணிதான். அதற்கு மேல் இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அதைவிடப் பெரிய அநியாயம் 1758இல் நடந்தது. தென்கிழக்கு ஆசியாவின் பெரிய பழந்தின்னி வௌவாலுக்கு ஸ்வீடன் நாட்டு இயற்கை அறிஞர் லின்னேயஸ் வாம்பைரஸ் என்று பெயர் வைத்தார். ரத்தம் குடிக்கும் பேய். அந்த வௌவாலோ வாழ்நாள் முழுக்கப் பழமும் பூவும் பூந்தேனும் தேடித் தின்கிற பிராணி. அதே லின்னேயஸ் அதே நூலில் வௌவால்களை மனிதனோடும் குரங்கோடும் ஒரே வரிசையில் வைத்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

பிள்ளைகள் போன பிறகு அடுப்படியில் மற்ற கதைகளைச் சொன்னேன். அவை சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்கிற கதைகள் இல்லை.

மினியாஸ் என்ற அரசனுக்கு மூன்று பெண்கள். ஊரே மதுவின் கடவுளான டயோனிசஸின் திருவிழாவுக்குப் போகிறது. இவர்கள் போகவில்லை. தறியில் உட்கார்ந்து நெய்துகொண்டே கதை பேசினார்கள். சாமிக்குக் கோபம். பொழுது சாய்கிற நேரத்தில் மூவரும் வௌவாலாகிப் போனார்கள். "வேலை பாத்துக்கிட்டிருந்த பிள்ளைகளையா?" என்று அப்பத்தா இடைமறித்தார்.

அப்புறம் நிக்டிமினி. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்திலும் நியூ கினியிலும் இந்தோனேசியத் தீவுகளிலும் ஒரு பழந்தின்னி வௌவால் பேரினம் இருக்கிறது. மூக்குத் துவாரம் இரண்டும் சின்னக் குழாய்களாக நீட்டிக்கொண்டிருக்கும். சிறகிலும் காதிலும் மஞ்சள் புள்ளிகள், இலைக்கு நடுவில் தொங்கினால் தெரியவே தெரியாது. அத்திப்பழம் பிடிக்கும். நம் ஊர் வௌவால் ஸ்ஃபிங்ஸ் ஆன அதே 1797இல், போர்க்ஹவுசன் என்ற ஜெர்மானியர் இந்தக் குழல்மூக்கு வௌவால்களின் பேரினத்துக்கு நிக்டிமினி என்று பெயரிட்டார். நிக்டிமினி லெஸ்போஸ் தீவின் அரசன் எப்போப்பியஸின் மகள். பெற்ற அப்பனே அவளைக் கெடுத்துவிட்டான். அவள் வெட்கம் தாளாமல் காட்டுக்குள் ஓடி, பகலில் யார் கண்ணிலும் படாமல் ஒளிந்து கிடந்தாள். அதீனா தேவி இரக்கப்பட்டு அவளை ஆந்தையாக்கினாள். அதனால்தான் ஆந்தை பகலில் வருவதில்லை, வந்தால் மற்றப் பறவைகள் துரத்தும் என்று கதை முடியும். இரவில் நடமாடுகிற காரணத்தால் ஆந்தையான பெண்ணின் பெயர் வௌவாலுக்கு வந்து சேர்ந்தது.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. தோழி பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். அப்பத்தாதான் கேட்டார்: "தப்புப் பண்ணுனது அப்பன். அந்தப் பிள்ளை எதுக்குத்தா ஒளியணும்? அந்தச் சாமி அவனையில்ல ஆந்தையாக்கியிருக்கணும்."

இந்தக் கதையைப் பல இடங்களில் படித்திருக்கிறேன். இரக்கமுள்ள தேவி என்ற இடத்தோடு நின்றுவிட்டுத்தான் எல்லோரும் நகர்வார்கள். எழுதப் படிக்கத் தெரியாத இந்த அம்மா ஒரே கேள்வியில் பிடித்துவிட்டார். என்ன பதில் சொல்வது? இல்லை ஆத்தா, நீங்கள் சொல்வதுதான் சரி என்றேன்.

படுக்கும் முன் டார்ச்சை அணைத்துவிட்டு வாசலில் நின்றோம். வாழைப்பூவுக்கு வௌவால்கள் வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றாக வரும், ஒரு நொடி பூவில் தொற்றும், போய்விடும். திரும்ப வரும். முகமெல்லாம் மகரந்தம் அப்பியிருக்கும். இருட்டில் நன்றாகவே தெரிகிற கண், தூரத்துப் பழத்தை அறிகிற மூக்கு, இவைதான் பெரும்பாலான பழந்தின்னி வௌவால்களுக்கு வழிகாட்டி. பூச்சி பிடிக்கிற சின்ன வௌவால்கள் மாதிரி ஒலியெழுப்பி எதிரொலி கேட்டுப் போவதில்லை. குகைகளில் தங்குகிற ஒரு வகை மட்டும் நாக்கைச் சொடுக்கிச் சத்தம் எழுப்பி இருட்டில் வழி கண்டுபிடிக்கும். அதற்குப் பெயர் வைத்ததும் நம் பக்கத்துப் புதுச்சேரியில் கிடைத்த ஒன்றை வைத்துத்தான். இங்கே ஒளிதலும் இல்லை, வெட்கமும் இல்லை. ராத்திரி ஷிப்டு. அவ்வளவுதான். அந்த ஷிப்டு நின்றால் இந்த மலையில் பல காட்டு மரங்களுக்கு வாரிசு குறைந்துபோகும்.

செப்டம்பர் 28, ஞாயிறு: மழை

நாள் முழுக்க மழை. பாலமுருகன் கோயில் வரை மட்டும் போனோம். பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு கிளம்பிய முருகன் இங்கிருந்து தாண்டிக் குதித்துப் பழனிக்குப் போனதாக ஊர்க்கதை. அர்ச்சகர் பிரகாரத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்துச் சுண்டல் கொடுத்தார். குடை காற்றில் திரும்பிக் கம்பி உடைந்தது. கடைத்தெருவில் புதுக் குடை 350 ரூபாய் சொன்னார்கள். உடைந்ததையே தைத்துத் தருகிற ஒருவர் பஸ் நிறுத்தத்தில் இருந்தார், 40 ரூபாய்.

மலைவாழைப்பழம் ஒன்று பத்து ரூபாய். தோல் கறுத்தால்தான் ருசி. வாங்கும்போது கடைக்காரர், வௌவால் கடித்த பழம்தான் இனிப்பு, அதைத்தான் அந்தக் காலத்தில் தேடித் தின்போம் என்றார். இதில் மட்டும் நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்: தின்னாதீர்கள், குழந்தைகளுக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். நிபா வைரஸ் பெரிய பழந்தின்னி வௌவால்களிடம் இருக்கிறது. 2018இல் கோழிக்கோட்டில் எத்தனை உயிர் போனது என்று பார்த்தோம். கடித்த பழத்தைக் குழியில் போட வேண்டும், மற்றதைக் கழுவித் தோலுரித்துச் சாப்பிட வேண்டும், வௌவாலைக் கையால் தொடக் கூடாது. அதற்காக மரத்தை வெட்டுவதும் கல்லெறிந்து கலைப்பதும் ஆபத்தைக் கூட்டும். நாம் விலகியிருந்தால் அவை பாட்டுக்கு இருக்கும்.

மத்தியானம் அண்ணனிடம் இன்னொரு வௌவால் பற்றிப் பேசினேன். இங்கிருந்து தெற்கே, தேனி மாவட்டத்து மேகமலையில் 1948இல் ஆங்கஸ் ஹட்டன் என்பவர் ஒரு வௌவாலைப் பிடித்து மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். நம் குட்டைமூக்கு வௌவால்தான் என்று சீட்டு ஒட்டி உள்ளே வைத்துவிட்டார்கள். இருபது வருஷத்துக்கு மேல் அந்தச் சீட்டோடு கிடந்தது. தாய்லாந்துக்காரர் கிட்டி தொங்லோங்யா எடுத்துப் பார்த்து, இதற்கு வாலே இல்லை, பல்லும் வேறு, இது தனி இனம் மட்டுமல்ல, தனிப் பேரினம் என்று கண்டுபிடித்து 1972இல் லாட்டிடென்ஸ் சலீமலி என்று பெயர் வைத்தார். பேயும் இல்லை, சாபமும் இல்லை. வாழ்நாள் முழுக்கப் பறவைகளைப் பார்த்துக்கொண்டிருந்த சலீம் அலி என்ற மனிதரின் பெயர். 1993இல் மறுபடி அதே மலைப்பக்கம் அது கிடைத்தது. "அப்ப நம்ம தோட்டத்துலயும் சீட்டு மாறி எதாச்சும் தொங்குமோ?" என்று அண்ணன் ஆர்வமாகக் கேட்டார். தேடிப் பார்க்கலாம் என்றேன். மழை விடவில்லை.

செப்டம்பர் 29, திங்கள்: கீழே

காலை பஸ்ஸில் இறங்கினோம். அப்பத்தா ஒரு பை நிறைய ஆரஞ்சுக் காய்ப்பழமும் கால் கிலோ மிளகும் கொடுத்தார். பணம் கொடுக்கப் போனதற்குக் கம்பை ஓங்கினார்.

மலையடிவாரத்தில் ஓர் ஓடைக்கரையில் பெரிய வௌவால்கள் அடைகின்றன, ஊர்ப் பெயரை எழுதாதே என்று தோழி சொல்லியிருந்தாள். எழுதவில்லை. டீக்கடை நிறுத்தத்தில் இறங்கி நடந்தால் நான்கைந்து மருத மரங்கள். பட்டப்பகலில் ஒரே இரைச்சல். சிறகை விரித்தால் நாலடி இருக்கும். செம்பழுப்புக் கழுத்து, கறுத்த சிறகு. வெயிலுக்குச் சிறகாலேயே விசிறிக்கொண்டிருந்தன. ஒன்று தன் குட்டியை மார்போடு சேர்த்து மூடியிருந்தது. வருஷத்துக்கு ஒரே ஒரு குட்டிதான் போடும். சுட்டுக் கொன்றால் ஈடுகட்ட முடியாமல் போவது இதனால்தான்.

நற்றிணையில் நக்கண்ணையார் பாட்டு ஒன்று இருக்கிறது, 87ஆவது. உள்ளூர் மாமரத்தில் முள் போன்ற பல்லுள்ள வாவல் உயர்ந்த கிளையில் தொங்கியபடி தூங்குகிறது. தூக்கத்தில் அதற்கு ஒரு கனவு. சோழ நாட்டு அழிசியின் பெருங்காட்டில் நெல்லிக்காயின் புளிப்பு. அந்த மாதிரித்தான் நானும் அவன் ஊர்த் துறையைக் கனவில் கண்டேன் என்று தலைவி தோழியிடம் சொல்கிறாள். மருத மரத்தடியில் நின்று இதைத் தங்கை மகளுக்குச் சொன்னேன். லின்னேயஸ் பேய் என்றார், மார்ட்டின் வால் ஸ்ஃபிங்ஸ் என்றார். அவர்களுக்குப் பல நூற்றாண்டு முன்னால் நம் பெண் ஒருத்தி, தூங்குகிற வௌவாலைப் பார்த்து அது என்ன கனவு காணும் என்று யோசித்திருக்கிறாள். ஒரு பெண் தன் ஆசையைச் சொல்ல வௌவாலைத் துணைக்கு அழைக்கிறாள், அதில் கூச்சமே இல்லை. எனக்கு இந்தப் பாட்டைவிட நல்ல பெயர்சூட்டல் தெரியாது.

டீக்கடைக்காரருக்கு அறுபது வயது இருக்கும். டீ 12 ரூபாய், கெட்டிப்பால். தீபாவளிக்கு இந்தப் பக்கம் வெடி போட மாட்டோம் என்றார். போன வருஷம் ராத்திரி காரில் நாலு பேர் துப்பாக்கியோடு வந்தார்களாம். வௌவால் கறி தின்றால் வீசிங் போகும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் லைட்டு அடித்து விரட்டியிருக்கிறார்கள். அந்தக் கறியால் மூச்சிரைப்பு குணமாகாது, அதைப் பிடித்து அறுக்கிறவனுக்கு நோய் வரத்தான் வழி என்று விளக்கினேன். "அது எங்களுக்குத் தெரியும்மா. அவங்க வந்து, காக்கா எலி மாதிரிதான் இதுவும், சட்டமே அப்படித்தான் சொல்லுதுன்னாங்க. எங்களுக்குப் பதில் சொல்லத் தெரியல" என்றார்.

அவர்கள் சொன்னது ஒரு காலத்தில் உண்மைதான். 1972ஆம் வருஷ வனவிலங்குச் சட்டத்தில் ஐந்தாவது அட்டவணை என்று ஒன்று இருந்தது. காக்கை, சுண்டெலி, எலியோடு பழந்தின்னி வௌவாலையும் தொல்லைப் பிராணி என்று அதில் சேர்த்திருந்தார்கள். யார் வேண்டுமானாலும் கொல்லலாம். 2022இல் சட்டத்தைத் திருத்தியபோது அந்த அட்டவணையையே எடுத்துவிட்டார்கள். 2023 ஏப்ரல் முதல் புதுச் சட்டம்தான் நடப்பு. இந்தப் பெரிய வௌவால் இப்போது பாதுகாக்கப்பட்ட பிராணிகளின் பட்டியலில் இருக்கிறது.

இதைக் கேட்டதும் அவர் அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு உள்ளே போய்க் காலண்டர் அட்டை ஒன்றைக் கொண்டுவந்தார். "பாப்பா, இதுல பெரிசா எழுதிக் கொடு." தங்கை மகள் ஸ்கெட்ச் பேனா எடுத்தாள். 'இந்த மரங்களில் உள்ள வௌவால்களைச் சுடுவதும் பிடிப்பதும் சட்டப்படி குற்றம்' என்று எழுதி, கீழே சட்டத்தின் வருஷத்தையும் போட்டாள். அவர் எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்தார். வருஷத்தைச் சிவப்பில் எழுதச் சொன்னார். அப்புறம், கார்க்காரர்கள் வருகிற திசைக்கு முகம் காட்டும்படி கடையின் முன்தூணில் கட்டினார். வத்தலக்குண்டு பஸ் வருவதற்குள் அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் உறையும் மாட்டிவிட்டார்.